கூடி உலாவுதல்

உத்தியோக நிமித்தமாகவும் வாணிபத்தின் பொருட்டும் பிற மாநிலங்களில் குடியேறிய நாம் ஒன்றுகூடுவதற்குக் காரணங்கள் பல உண்டு. பொங்கல் வந்தால் கூடுகிறோம். பங்குனி உத்திரத்தன்று தில்லியின் மலை மந்திரில் கூடுகிறோம். நல்ல கச்சேரி என்றால் மாட்டுங்காவிலும் அரங்கு நிரம்புகிறது. ஆனால் இவை யாவும் பெரும்பாலும் உட்கார்ந்து கேட்பதாகவும் உட்கார்ந்து உண்பதாகவுமே முடிகின்றன. கூடி நடப்பதற்கென்று நாம் சேர்வது அரிது. அதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

நடை நல்லது என்பதை எவருக்கும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வயது வந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு மேற்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வரையறுத்தது. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் சற்று விரைந்து நடந்தால் குறைந்த அளவு நிறைவேறிவிடும். எனினும், 2024இல் வெளியான ஒரு கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் வயது வந்தோருள் ஏறக்குறையப் பாதிப்பேர் இவ்வளவுகூட உடலை அசைக்கவில்லை. ஆடவரில் 100க்கு 42 பேர். பெண்டிரில் 57 பேர். நீரிழிவு உடையோர் தொகை 10 கோடியைத் தாண்டிவிட்டதாக 2023இல் மற்றோர் ஆய்வு கூறிற்று. ஆகவே குறை நம் அறிவில் இல்லை. விடாமல் செய்வதில்தான் இருக்கிறது. ஆங்கிலப் புத்தாண்டன்று வாங்கிய புதிய காலணி பொங்கலுக்குள் கட்டிலுக்கடியில் ஒதுங்கிவிடுவதை எத்தனை இல்லங்களில் காண்கிறோம்!

தனியே நடப்பவர் ஒரு நாள் எழாவிட்டால் கேட்பார் இல்லை. வாயிலில் நால்வர் காத்து நிற்கிறார்கள் என்றால் சோம்பலுக்கு வெட்கம் வந்துவிடுகிறது. இது வெறும் யூகமன்று. கூட்டாக நடப்போரைப் பற்றிய 42 ஆய்வுகளை ஒருங்கே திரட்டி ஆராய்ந்த முடிவு 2015இல் வெளிவந்தது. 1,843 பேரைப் பற்றிய அந்த ஆராய்ச்சியில், இரத்த அழுத்தமும் உடற்கொழுப்பும் குறைந்ததோடு மனச்சோர்வும் தணிந்ததாகத் தெரிந்தது. இடையில் விட்டுவிட்டவர்களும் சிலரே.

மனச்சோர்வு என்றவுடன் எனக்கு நம் முதியோரின் நினைவு வருகிறது. ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடோ மகளோடோ தங்க வரும் தாயாரை எண்ணிப் பாருங்கள். அங்கே அவர் தேகப்பயிற்சி என்ற சொல்லையே அறியாதவராக இருந்திருக்கலாம். ஆனால் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் அடுத்த வீட்டுத் திண்ணைக்குமாக நாள் முழுவதும் நடந்தவர். இங்கே நான்காம் மாடி. பகலெல்லாம் சாத்திய கதவு. வெளியே சென்றால் வழி கேட்க மொழி இல்லை. ஆதலால் அவர் இறங்குவதே இல்லை. நடவாத கால்களில் தசை மெலிகிறது. நாற்காலியிலிருந்து எழவே கைப்பிடி தேவையாகிறது. விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் பிறக்கிறது. அச்சத்தால் நடை மேலும் குறைகிறது. ஒரு நாள் குளியலறையில் கால் இடறி இடுப்பெலும்பு முறிந்த பின்னரே வீட்டார் கவலைப்படுகிறார்கள். அதே குடியிருப்பில் தமிழ் பேசும் மூதாட்டியர் மூவர் மாலையில் ஒன்றாகப் பூங்காவுக்குச் செல்வார்களாயின், காலுக்கும் வாய்க்கும் ஒருங்கே வேலை கிடைக்கும். இளையோர் செய்ய வேண்டுவதெல்லாம் முதல் ஒரு வாரம் உடன் சென்று அறிமுகம் செய்து வைப்பதே.

இதற்கொரு சங்கம் வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தேர்தல் தொடங்கினால் நடை நின்றுவிடும்! நேரமும் இடமும் மாறாதிருந்தால் போதும். மெதுவாக நடப்பவரின் வேகமே கூட்டத்தின் வேகமாகட்டும். விரைவோர் இன்னொரு சுற்றுச் சென்று திரும்பி வந்து சேர்ந்துகொள்ளலாம். பேச முடிய வேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும். அதுவே தக்க வேகம். வாரத்தில் இருமுறையேனும், பூங்காப் பலகையில் அமர்ந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து பழகுவது தொடைக்கு வலுவூட்டும். இருதய நோயுடையோர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குக. இன்சுலின் செலுத்திக்கொள்வோர் சிறிது சர்க்கரையோ கற்கண்டோ உடன் வைத்திருத்தல் அவசியம். ஒருவரை மூன்று நாள் காணாவிடில் அவர் வீட்டு மணியை அழுத்திப் பார்த்துவிட்டு வாருங்கள். பக்கத்து வீட்டு வங்காளியோ பஞ்சாபியோ சேர விரும்பினால் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். நம் பாட்டிமார் நான்கு சொல் இந்தி கற்பதும் அப்படித்தான்.

தில்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்வோருக்கு ஓர் எச்சரிக்கை. ஐப்பசி முதல் தை வரை அதிகாலைக் காற்று பெரும்பாலும் தூய்மையானதன்று. குளிர்ந்த காற்று தரையோடு தேங்கி நிற்பதால் புகையும் தூசியும் மேலெழாமல் தங்கிவிடுகின்றன. பிற்பகலில் வெயில் ஏறிய பின் ஓரளவு கலைகின்றன. அரசு வெளியிடும் காற்றுத்தர எண் 200க்கு மேற்பட்டால் முதியோரும் ஆஸ்துமா உடையோரும் வெளியே விரைந்து நடத்தலாகாது. 300ஐக் கடந்தால் எவருமே தவிர்ப்பது நலம். அந்நாட்களில் கட்டடத்தின் தாழ்வாரங்களிலேயே கூடி நடக்கலாம். மும்பையில் அடைமழைக் காலத்துக்கும் இதே ஏற்பாடு பொருந்தும். வழுக்காத காலணி மட்டும் மறவாதீர்கள்.