ஏரிக்கரை வழியே

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



புலவர் பெருமக்கள் பலர் பேசிய மேடை இது. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எனக்கு இலக்கியம் பேசும் தகுதியில்லை. ஆனால், ஞாயிறுதோறும் விடியற்காலையில் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றும் பழக்கம் எனக்கு உண்டு என்பதை நம் செயலாளர் அறிவார். "அதைப் பற்றியே பேசுங்கள்" என்று பணித்தார். அவர் கட்டளையைச் சிரமேற்கொண்டு, நான் கண்ட வழிகளைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

அன்பர்களே! மேலைநாடுகளில் இக்காலத்தே ஒரு புதிய பழக்கம் பரவியிருக்கிறது. தார்ச்சாலையை விடுத்து, சரளைக் கற்கள் பரவிய நாட்டுப்புறப் பாதைகளில் மிதிவண்டி ஓட்டுவதே அது. இத்தாலி நாட்டின் தஸ்கனிப் பகுதியில், திராட்சைத் தோட்டங்களின் ஊடே வெண்ணிறச் சரளைப் பாதைகள் பல உள்ளன. அவற்றின்மீது தார் பூசிவிடுவார்களோ என்று அஞ்சிய சிலர், 1997ஆம் ஆண்டில் கயோலே என்னும் சிற்றூரில் 92 பேராகக் கூடி, பழைய மிதிவண்டிகளில் அப்பாதைகளில் சென்றனர். 'லெரோயிக்கா' என்னும் அவ்விழாவுக்கு இன்று ஆயிரக்கணக்கானோர் வருகின்றனர். பாதைகளும் பிழைத்தன. சுவிட்சர்லாந்தில் ஜெனிவா ஏரியின் கரையோரமாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்துக்கு லாவோ என்னும் படிக்கட்டுத் திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே கட்டடங்கள் பெருகி நிலத்தை விழுங்காதபடி, 1977இல் அம்மாநில மக்களே வாக்களித்துத் தடுத்தனர். 2007இல் அது உலக மரபுச் சின்னமாயிற்று.

இவற்றைப் படித்தபோது எனக்கு ஏக்கம் உண்டாயிற்று. திராட்சைத் தோட்டம் காணவேண்டுமென்றால் நான் கம்பம் பள்ளத்தாக்குக்கு அல்லவா செல்லவேண்டும்! ஆனால், சிறிது எண்ணிப் பார்த்தேன். ஏரியும் தோட்டமும் சரளைப் பாதையும் சேர்ந்த நாடு என் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. திராட்சைக்கு மாற்றாக இங்கே மாந்தோப்பு, அவ்வளவே வேற்றுமை. சித்தூர்ச் சீமையின் கிளிமூக்கு மாம்பழத்தை அறியாதார் யார்?

நான் செல்லும் வழிகளைச் சொல்கிறேன். கிழக்கே திருச்சானூர் வழியாகச் சென்றால் யோகிமல்லவரம். அங்குள்ள பழைய சிவன் கோயிலில் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. மேற்கே சுவர்ணமுகி ஆற்றை ஒட்டிச் சென்றால் தொண்டவாடாவில் அகத்தீசுவரர் கோயில். அதனையும் கடந்தால் சந்திரகிரிக் கோட்டை. தெற்கே இராமச்சந்திராபுரம் வழியாகச் சென்றால் இராயலசெருவு. கிருஷ்ணதேவராயர் காலத்து ஏரி என்று வழங்கப்படும் அது, கண்ணுக்கெட்டிய தூரம் நீர் பரந்து கிடப்பது. இவ்வழிகளில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் மாட்டுவண்டித் தடமும், செம்மண் பாதையும், ஏரிக்கரையும் மாறி மாறி வரும். இருபுறமும் மாந்தோப்பு, கரும்பு, நிலக்கடலை. பின்னே சேஷாசல மலை நீலமாக நிற்கும்.

இதற்கு விலையுயர்ந்த வண்டி வேண்டுமோ என்று இளைஞர்கள் கேட்கலாம். சரளைப் பாதைக்கென்று மேலைநாட்டார் செய்யும் வண்டிகளில் டயரின் அகலம் பெரும்பாலும் 40 மில்லிமீட்டரை ஒட்டியதே. நம் தந்தையர் ஓட்டிய கறுப்பு வண்டியின் டயர் ஒன்றரை அங்குலம். அதாவது 38 மில்லிமீட்டர்! தபால்காரரும் பால்காரரும் அறிந்திருந்ததையே உலகம் இன்று புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறது. காற்றைச் சற்றுக் குறைவாக அடித்துக்கொண்டால் சரளையில் வண்டி துள்ளாது. பஞ்சர் ஒட்டும் சாமான்களை மட்டும் மறவாதீர்கள். சீமைக்கருவேல முள் எவரையும் விடாது. வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடவேண்டும்.

இனி, நான் சொல்லவந்த செய்திக்கு வருகிறேன்.

நம்மில் பலர் பிழைப்பை நாடி இவ்வூருக்கு வந்தவர்கள். நானும் அப்படியே. பல ஆண்டுகள் இவ்வூரை வாடகை வீடாகவே கருதினேன். அலுவலகம், வீடு, மலை: இம்மூன்றுக்கு அப்பால் எனக்கு இவ்வூர் தெரியாது. யோகிமல்லவரத்துக் கல்லின் முன் நின்ற நாளில்தான் எனக்கு நாணம் உண்டாயிற்று. என் மொழியின் எழுத்து. ஆயினும் ஒரு வரிகூட எனக்குப் படிக்கத் தெரியவில்லை. பிறகு அறிந்தவர்களைக் கேட்டும் நூல்களைப் பார்த்தும் சிறிது தெரிந்துகொண்டேன். திருவேங்கடத்துக் கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழில் அமைந்தவை. விசயநகர மன்னர் காலத்தில், அடியார்கள் கோயிலுக்கு அளித்த பொருளைக் கொண்டு கோயிலுக்குரிய ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டினார்கள். அதனால் மிகுந்த விளைச்சலிலிருந்து இறைவனுக்கு அமுது படைத்தார்கள். மலைமேல் இட்ட காணிக்கை, கீழே ஏரியாகி, நெல்லாகி, மீண்டும் மலையேறியது! நாமோ மலையை மட்டும் நோக்கி, ஏரியை மறந்தோம்.

ஏரியை மறந்தால் என்ன நேரும்? 2021ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த பெருமழையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இராயலசெருவின் கரையில் நீர் கசிந்தது. கரைக்குக் கீழிருந்த ஊர்மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டனர். கரை உடையாமல் காக்கப்பட்டது நம் நற்பேறு. ஐந்நூறு ஆண்டுகளாகச் சோறு போட்ட கரைதான். கண்காணிப்பு இல்லையேல் அதுவே ஊரை அச்சுறுத்தும். உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்திலேயே ஏரியைக் காக்க ஏரி வாரியம் ஒன்று இருந்ததன் காரணம் இதுவே.

சென்ற ஆண்டு, ஒரு சிற்றேரியின் கரைமேல் வழக்கம்போல் சென்றேன். பாதையின் குறுக்கே முள்கம்பி வேலி! கரையோரம் மனை பிரிக்கக் கல் நட்டிருந்தார்கள். திகைத்து நின்றேன். அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த தெலுங்குப் பெரியவர் ஒருவர் அருகில் வந்தார். "முன்பெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் இவ்வழியே போவார்கள், ஐயா. இப்போது அவர்களுக்குப் பேருந்து வந்துவிட்டது. கரைமேல் கால் படாமற் போயிற்று; கம்பி வந்துவிட்டது" என்றார் தம் மொழியில். நான் வண்டியைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கித் திரும்பினேன். இரண்டு நாள் எனக்கு உறக்கம் கொள்ளவில்லை.

அன்பர்களே! நடக்கும் கால் இருந்தால்தான் வழி இருக்கும். தஸ்கனியில் 92 பேர் செய்தது வேறொன்றும் இல்லை. பாதையில் சென்றார்கள், மறுமுறையும் சென்றார்கள். நாமும் செல்லலாமே! சங்கத்தின் சார்பில் மாதம் ஒரு ஞாயிறு, பத்துப் பேர் மிதிவண்டியில் ஓர் ஏரிக்குச் செல்வோம். கரையில் பிளவோ கசிவோ வேலியோ கண்டால், தேதியும் இடமும் குறித்து ஊராட்சிக்கும் பாசனத் துறைக்கும் எழுதுவோம். கோப்பு எழுதும் வேலை எனக்குப் பழக்கமானது. அதை நான் ஏற்கிறேன். கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்வோம்.

நம் தெலுங்கு அண்டைவீட்டாரையும் அழைப்போம். நாம் தூம்பு என்பதை அவர்கள் தூமு என்கிறார்கள். நாம் பொன்முகலி என்னும் ஆற்றை அவர்கள் சுவர்ணமுகி என்கிறார்கள். 1960இல் எல்லைக்கோடு மாற்றி வரையப்பட்டது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் மாறினும் ஏரி நீர் எவர் மொழியையும் கேட்டுப் பாய்வதில்லை.

வரும் மாதத்து முதல் ஞாயிறு, காலை ஐந்தரை மணிக்கு, சங்க வாயிலில் என் கறுப்பு வண்டியோடு காத்திருப்பேன். வருவோர் தண்ணீரும் தொப்பியும் கொண்டு வருக. ஒருவரும் வராவிடினும் நான் செல்வேன். பத்துப் பேர் வந்தால் அந்தக் கரை பிழைக்கும்.