மாத்திரை சத்தத்தைக் குறைக்குமா?

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்கள்ல திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: "ப்ரோ, சென்சரி ஓவர்லோடுக்கு மாத்திரை இருக்கா?"

நேரா பதில் சொல்லிடறேன். அதுக்குன்னே அங்கீகரிச்ச மாத்திரைன்னு எதுவும் இல்லை. அதோட ஒட்டிக்கிட்டு வர்ற பதற்றத்துக்கு இருக்கு. இந்த ரெண்டையும் பிரிச்சு சொல்லத் தெரிஞ்சா, டாக்டர் ரூம்ல நமக்குக் கிடைக்கிற பத்து நிமிஷம் வீணாகாது. நான் டாக்டர் இல்லை, கோட் எழுதுறவன். மாத்திரை சாப்பிடுறவன். அந்த அளவுக்குத்தான் பேசப் போறேன்.

தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ரங்கநாதன் தெருவுக்குப் போனா யாருக்கும் தலை சுத்தும். சிலருக்கு சாதாரண செவ்வாய்க்கிழமை ஆபீஸே அப்படித்தான் இருக்கும். டியூப் லைட்டோட இரைச்சல், பக்கத்து சீட் கீபோர்டு, பேன்ட்ரியில யாரோ மீன் குழம்பு சூடு பண்ற வாசனை, எல்லாம் ஒரே நேரத்துல ஒரே சத்தத்துல உள்ளே வரும். எதையும் பின்னாடி தள்ள முடியாது. இது ஓவர்லோட்.

இப்போ இன்னொன்னு. ஞாயித்துக்கிழமை ராத்திரி பதினோரு மணி. ரூம்ல ஃபேன் மட்டும் ஓடுது. ஆனா நாளைக்கு ஏறப்போற பஸ்ஸையும் அதோட ஏர் ஹார்னையும் நினைச்சு நெஞ்சு படபடன்னு அடிக்குது. அங்கே சத்தமே இல்லையே! இதுதான் பதற்றம். ட்ராஃபிக்கே இல்லாத சர்வர்ல அலர்ட் மட்டும் அடிச்சுக்கிட்டே இருக்கிற மாதிரி.

இதுல எது முதல்ல வருது? ஷூலமைட் கிரீன் குழுவினர் ஆட்டிசம் உள்ள சின்னக் குழந்தைகளை ஒரு வருஷம் கவனிச்சு, 2012-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. புலன் உணர்வு அதிகமா இருந்த குழந்தைகளுக்குப் பின்னாடி பதற்றம் கூடுச்சு. பதற்றத்தை வச்சு, பின்னாடி புலன் பிரச்சினை கூடுமான்னு கணிக்க முடியலை. குழந்தைகள்கிட்ட பார்த்ததை அப்படியே நமக்குப் பொருத்த முடியாதுதான். ஆனா பதற்ற மாத்திரை போட்டும் ஹார்ன் ஏன் ஹார்னாவே கேட்குதுன்னு எனக்குப் புரிஞ்சது இதைப் படிச்ச பிறகுதான்.

சரி, மாத்திரைக்கு வருவோம். பதற்றத்துக்கு டாக்டர்கள் பொதுவா முதல்ல யோசிக்கிறது எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் மாதிரி எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை. எனக்கு எஸ்சிடலோபிராம், 5 மில்லிகிராம்ல ஆரம்பிச்சாங்க. முதல் வாரம் குமட்டல், தூக்கம் கெட்டது, படபடப்பு இன்னும் கொஞ்சம் கூடவே இருந்தது. டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்ததால தாக்குப் பிடிச்சேன். வேலை செய்றது தெரிய ரெண்டுல இருந்து ஆறு வாரம் வரை ஆகும். எனக்கு அஞ்சாவது வாரம். பஸ் அதே பஸ்தான், ஹார்ன் அதே ஹார்ன்தான். ஆனா முந்தின நாள் ராத்திரி தூங்கினேன். ஹார்ன் அடிச்சா துடிச்சேன், ரெண்டு நிமிஷத்துல சரியானேன். முன்னாடி அதுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும். எனக்கு இது பெரிய விஷயம்.

முக்கியமான ஒன்னு. 24 வயசு வரைக்கும் இருக்கிறவங்களுக்கு இந்த வகை மாத்திரை ஆரம்பிக்கும்போதும் டோஸ் மாத்தும்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம்னு அமெரிக்க மருந்துத் துறையோட எச்சரிக்கை இருக்கு. அதனால ஆரம்ப வாரங்கள்ல வீட்ல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும். மனசு ரொம்ப மோசமானா உடனே டாக்டரைக் கூப்பிடுங்க. அரசோட டெலி மானஸ் எண் 14416, எந்நேரமும் பேசலாம், தமிழ்லயும் பேசலாம்.

அடுத்து பிரொப்ரனோலால். இது இதயத்துடிப்பையும் கை நடுக்கத்தையும் அடக்கும். மனசுல ஓடுற எண்ணத்தை அவ்வளவா தொடாது. ஆஸ்துமா இருந்தா ஆகாது, கட்டாயம் சொல்லிடுங்க. நண்பனோட ஸ்ட்ரிப்ல இருந்து ஒன்னு கிழிச்சு வாங்கிப் போடுற மாத்திரை இல்லை இது.

அல்பிரசோலம் சீக்கிரமா அமைதிப்படுத்தும், அதுதான் அதோட ஆபத்தும். தொடர்ந்து போட்டா உடம்பு பழகிடும், அளவு கூடும், நிறுத்துறது கஷ்டம். ஷெட்யூல் எச்1-ல இருக்கிற மருந்து. சீட்டு இல்லாம மெடிக்கல் ஷாப் அண்ணா தரக்கூடாது, தந்தா பதிவேட்டுல எழுதணும்.

ஆட்டிசத்துக்கு ரிஸ்பெரிடோன் இருக்கேன்னு கேட்பீங்க. 2006-ல அமெரிக்காவுல அதை அனுமதிச்சது ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோட கடுமையான எரிச்சல், ஆவேசத்துக்கு. சத்தம் தாங்கலைங்கிறதுக்கு இல்லை. எடை நல்லா ஏறும், அதையும் தெரிஞ்சுக்கோங்க.

வேர் எங்கே இருக்குன்னும் பார்க்கணும். வெளிச்சமும் சத்தமும் தாங்காதது மைக்ரேனாவும் இருக்கலாம், ஏ.டி.எச்.டி.யாவும் இருக்கலாம், ஆட்டிசமாவும் இருக்கலாம். ஒவ்வொன்னுக்கும் மருந்து வேற.

அதனால டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் போன்ல குறிச்சு வைங்க. எது தாக்குச்சு, எத்தனை மணிக்கு, சத்தம் வர்றதுக்கு முன்னாடியே பயம் வந்துச்சா, அடங்க எவ்வளவு நேரம் ஆச்சு, காபி எத்தனை. நான் அந்த நோட்டைக் காட்டினதும் டாக்டர் முதல்ல தொட்டது காபி வரிசையைத்தான். நாளைக்கு அஞ்சு!

வீட்ல அம்மா கேட்டது ஒன்னே ஒன்னு: "எத்தனை நாளைக்குடா இது?" நியாயமான கேள்வி. சரியான பிறகும் ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரை தொடரச் சொல்றது வழக்கம். அப்புறம் டாக்டர் சொல்ற அளவுல படிப்படியா குறைக்கணும். திடீர்னு நிறுத்தினா தலைசுத்தல், மண்டைக்குள்ள ஷாக் அடிக்கிற மாதிரி உணர்வு எல்லாம் வரும். அம்மாகிட்ட இதையே சொன்னேன். "சரி, சாப்பிட்டுட்டுப் போடு"ன்னாங்க.

காதுல இயர்பிளக் இன்னமும் இருக்கு. மாத்திரை வந்ததால அதைத் தூக்கிப் போடலை. ஆபீஸ்ல சீட் மாத்திக் கேட்கிறது எப்படி, ஹெச்.ஆர்.கிட்ட எவ்வளவு சொல்லணும், அதெல்லாம் அடுத்த எபிசோடுல.