முகாமுக்குப் பிறகு ஒரு வேலை



1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது நாங்கள் பாடசாலைப் பிள்ளைகள். தென்மராட்சியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் பல குடும்பங்களோடு படுத்தெழும்பினோம். அடுத்த ஆண்டு வீடு திரும்பினோம்.

எங்களோடு படித்த ஒருத்தி வன்னிக்குப் போனாள். 2009இல் கணவனை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்தாள். மீள்குடியேறியபோது அவளிடம் ஒரு தறப்பாள் கொட்டில் இருந்தது. சான்றிதழ் ஒன்றுகூட இல்லை. வேலை கேட்ட இடமெல்லாம் அதைத்தான் கேட்டார்கள். கடைசியில் இங்கே வந்தாள். பழைய சேர்வு இடாப்பில் அவளுடைய பெயர் இருந்தது. விடுகைப் பத்திரத்தின் பிரதி கிடைத்தது. பரீட்சைப் பெறுபேற்றையும் எடுத்தாள். கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. முகாமில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றவள், முதற்சம்பளத்தில் வாங்கியது ஒரு பெரிய சோற்றுப் பானை.

கிளினிக்கில் இப்படியான தாய்மாரை இன்றும் காண்கிறோம். நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது என்பார்கள். குளிசை கொடுக்கிறோம். ஆனால் நிலையான சம்பளமும், வேலை நேரத்தில் பிள்ளையைப் பார்க்க ஓர் ஆளும் கிடைத்த பிறகுதான் பலர் நிம்மதியாக உறங்குகிறார்கள். அவற்றை மருந்துச் சிட்டையில் எழுத எங்களால் முடியாது.

எங்கள் சங்கத்தால் முடியும். எங்களில் கடை வைத்திருப்பவர்கள், அலுவலகம் நடத்துபவர்கள், பின்னேரம் பிள்ளைகளைப் பார்க்கக்கூடிய ஓய்வுபெற்ற அக்காமார் இருக்கிறோம். இன்று போக முன்னர் செயலாளரிடம் உங்கள் பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள்.