ஏறிய கட்டணமும் போன சந்தாதாரர்களும்

ஓடிடி கட்டணம் ஏறுகிறது என்று செய்தி வந்தால் வீட்டுக்கு வீடு முணுமுணுப்பு கேட்கும். முணுமுணுப்போடு நிற்காமல் ஜனங்கள் கிளம்பிவிட்டால் என்ன ஆகும்? 2011-இல் அமெரிக்காவில் அது நடந்தது.

அப்போது அங்கே நெட்ஃபிளிக்ஸ் மாதம் சுமார் 10 டாலருக்கு இணையத்தில் படமும் காட்டியது, தபாலில் டிவிடியும் அனுப்பியது. ஜூலையில் இரண்டையும் பிரித்தார்கள். ஒவ்வொன்றும் 7 டாலர் 99 சென்ட். இரண்டும் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 16 டாலர், அதாவது 60 சதவீதம் ஏற்றம்!

செப்டம்பரில் தலைமை நிர்வாகி ரீட் ஹேஸ்டிங்ஸ் மன்னிப்புக் கேட்டார். கேட்ட கையோடு, டிவிடிக்கு இனி 'குவிக்ஸ்டர்' என்று தனிப் பெயர், தனி இணையதளம், தனி பில் என்றும் அறிவித்தார். கொதித்துக்கொண்டிருந்தவர்களிடம் சொல்கிற சேதியா இது? சுமார் மூன்று வாரத்தில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். அதற்குள் ஒரே காலாண்டில் அமெரிக்காவில் சுமார் 8 லட்சம் சந்தாதாரர்கள் குறைந்துபோனார்கள். ஆனால் பாருங்கள், குவிக்ஸ்டர் போனதே தவிர, ஏற்றிய கட்டணம் இறங்கவில்லை.

இறங்கியது நம் நாட்டில்தான். 2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸின் 499 ரூபாய் திட்டம் 199 ஆனது. ஜனங்கள் கோபப்பட்டதால் அல்ல. இங்கே போட்டி அதிகம், மலிவாகப் பார்க்க வேறு இடம் இருந்தது.