துண்டுச் சீட்டு இன்னும் கிழியவில்லை



ஆள்கடத்தல் என்றதும் வாயைக் கட்டி வண்டியில் தூக்கிப்போடும் சினிமாக் காட்சிதான் நமக்கு நினைவுக்கு வருகிறது. ஆசியாவில் கடல் கடந்து ஆள் பிடித்த வரலாறு பெரும்பாலும் அப்படி நடக்கவில்லை. முன்பணம் கொடுத்தார்கள், கணக்கு எழுதினார்கள், கப்பல் ஏற்றினார்கள்.

19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும், பின்னர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்த்தவர் கங்காணி. அவர் வெள்ளைக்காரர் அல்ல, நம் ஊர்க்காரர். பல நேரம் சாதிப்படியில் மேலே நின்றவர். முன்பணம், வழிச்செலவு, அரிசி என அத்தனையும் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறியது. வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்குத் 'தலைக்காசு' கிடைத்தது.

இலங்கையில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அடுத்த தோட்டத்துக்காரர் அந்தத் தொகையைக் கட்டினால்தான் தொழிலாளி இடம் மாற முடியும். மனிதருக்கு ஒட்டிய விலைச்சீட்டு, வேறென்ன? இந்தியாவில் அடிமைமுறைக்கு இருந்த சட்ட ஏற்பு 1843இல் நீங்கியது. துண்டு முறை ஒழிய 1921 ஆனது.

அப்படியானால் ஏன் போனார்கள்? விவரம் தெரியாமல் ஏமாந்தார்கள் என்று சொல்வது பாதி உண்மை. போனவர்களில் பெரும்பங்கு ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரில் நிலம் இல்லை, கூலி நெல்லாக வந்தது, பண்ணையாரிடம் தலைமுறைக் கடன் இருந்தது. ஒரு கடனிலிருந்து தப்பத்தான் இன்னொரு கடனுக்குள் போனார்கள். அங்கேயும் லயங்கள் சாதிவாரியாகப் பிரிந்து நின்றன. ஆனாலும் திரும்பி வந்தவர்களில் சிலர் சிறு நிலம் வாங்கினார்கள், குனிய மறுத்தார்கள். தஞ்சை மிராசுதார்கள் பண்ணைக்கு ஆள் போதவில்லை என்று புலம்பியது அதனால்தான்.

ஆகவே, 'வெளிநாடு போகாதே' என்ற அறிவுரையைச் சற்றுச் சந்தேகத்தோடு கேளுங்கள். அது மிராசுதாரின் குரலாகவும் இருக்கலாம்.

2022இல் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் சிக்கிய தமிழ் இளைஞர்கள் மீட்கப்பட்டார்கள். கணினி வேலை என்று அழைத்துப் போய் அடைத்து வைத்திருந்தார்கள். வளைகுடாவில் முதலாளிகள் கடவுச்சீட்டைப் பிடுங்கி வைப்பது இன்றும் நடக்கிறது. கங்காணி இப்போது ஏஜென்ட் ஆகிவிட்டார். துண்டு, வட்டிக்கு வாங்கிய லட்சங்களாகிவிட்டது.

போகும் உரிமையை யாரும் தடுக்க வேண்டாம். கடனில்லாமல் போகவும், விரும்பியபோது திரும்பவும் வழி வேண்டும். ஆள் சேர்க்கும் செலவை முதலாளி ஏற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், ஊரில் நிலம் வேண்டும். நிலமும் மானமும் உள்ளவரை எந்தக் கங்காணியும் சுலபமாகக் கப்பல் ஏற்றிவிட முடியாது.