நேர்த்திக்கடன் போதும், வட்டிக்கடன் வேண்டாம்

(பள்ளிப்பட்டில் ஆடி மாதத்துக்கு முன் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



ஆடி பொறக்கப் போகுது. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலை முழுக்க மஞ்சள் துணியும் பூக்காவடியும்தான் தெரியும். அடிவாரத்துல சரவணப் பொய்கையில தெப்பம் நடக்கும். நம்ம பக்கத்து ஜனங்களோட நகரி, புத்தூர், சித்தூர்ல இருந்தும் குடும்பம் குடும்பமா வருவாங்க. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் ஆந்திராவிலிருந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எல்லைக்கோடு மாறுச்சு, முருகனுக்கு எடுக்கிற காவடி மாறல. தமிழ் பேசுறவங்களும் தெலுங்கு பேசுறவங்களும் ஒரே "அரோகரா"தான் சொல்றோம்.

இந்தச் சந்தோஷத்தைக் குறைக்க நாங்க வரல. திருவிழா இல்லாத ஊர் நமக்கு வேண்டாம். ஆனா திருவிழா முடிஞ்ச மறுநாள் நம்ம வீட்டுல என்ன நடக்குதுன்னு பேசியாகணும்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்றோம். வேர்க்கடலை விதைக்கும் உழவுக்கும் அப்பத்தான் பணம் வேணும். ஜூன் மாசத்துல பிள்ளைங்க நோட்டு, புத்தகப் பை, பீஸுன்னு கையில இருந்தது போயிருக்கும். சரியா அந்த நேரத்துல ஆடி வெள்ளி, கூழ் ஊத்துறது, கிருத்திகை, பதினெட்டாம் பெருக்கு வரிசையா வருது. அதோட முடியறதில்ல. விநாயகர் சதுர்த்தி, புரட்டாசி சனிக்கிழமை, ஆயுத பூஜை, தீபாவளி, கார்த்திகை தீபம், டிசம்பர் 31 படித்திருவிழா, பொங்கல்னு ஆறு மாசம் செலவுதான். வரவு குறைவான மாசத்துல செலவு தொடங்குது. கடன்காரர் வாசலுக்கு நாம போறது அதனாலதான்.

நம்ம குழுக்கள்ல நடந்த ஒரு விஷயம். ஒரு சகோதரி பிள்ளைக்குத் திருத்தணியில மொட்டை அடிச்சுக் காது குத்தினாங்க. கோயில்ல ஆன செலவு கொஞ்சம்தான். வேன், பந்தல், பிரியாணி, டிஜிட்டல் பேனர் இதுக்குத்தான் பணம் போச்சு. 40,000 ரூபாய் வெளியில அஞ்சு வட்டிக்கு வாங்கினாங்க. மாசம் 2,000 ரூபாய் வட்டி. பத்து மாசத்துல 20,000 கட்டியும் அசல் அப்படியே நின்னுச்சு. மாமன் சீர் செஞ்ச அண்ணனும் நகையை அடகு வச்சிருந்தார். சந்தா கட்ட முடியலங்கற வெட்கத்துல அந்தச் சகோதரி கூட்டத்துக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க. நமக்கு வலிச்சது அதுதான். துணையா இருக்க வேண்டிய குழுவைப் பார்த்தே பயந்து ஒதுங்கிட்டாங்க.

குழுவினர் வீட்டுக்கே போய்ப் பேசினாங்க. உள்கடன் கொடுத்து ரெண்டு தவணையில வெளிக்கடனை அடைச்சாங்க. இப்ப மறுபடி கூட்டத்துக்கு வர்றாங்க.

கணக்கைப் பாருங்க. 10,000 ரூபாயை அஞ்சு வட்டிக்கு வாங்கினா பத்து மாசத்துல வட்டி மட்டும் 5,000 ரூபாய், அசல் குறையாது. அதையே குழுவுல ஒரு வட்டிக்கு வாங்கி மாசம் 1,000 அசல் கட்டினா, பத்து மாசத்துல மொத்த வட்டி 550 ரூபாய்தான். கடனும் முடிஞ்சிடும். அந்த 550-ம் நம்ம குழுவுலதான் இருக்கும். கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டுல 2003-லேயே சட்டம் வந்தாச்சு. யாராவது மிரட்டினா தனியா அழாதீங்க. குழுவா சேர்ந்து போலீசுலயோ கலெக்டர் ஆபீசுலயோ மனு கொடுங்க.

கடனே வாங்காம இருக்கவும் வழி இருக்கு. திருத்தணி மலைக்குப் படி 365, வருஷத்துக்கும் நாள் 365. நாளுக்கு ஒரு படின்னு ஏறுற மாதிரி, நாளுக்குப் பத்து ரூபாய் எடுத்து வச்சா வாரக் கூட்டத்துல 70 ரூபாய் கட்டலாம். 52 வாரத்துல ஒருத்தருக்கு 3,640 ரூபாய். 15 பேர் இருக்கிற குழுவுல 54,600 ரூபாய். இதைச் சந்தாவோட கலக்காம "திருவிழா சேமிப்பு"ன்னு பேரேட்டுல தனிப் பக்கம் போட்டு எழுதுங்க.

இது நமக்குப் புதுசும் இல்ல. மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தும்போது வீட்டுக்கு ஒரு படி கேழ்வரகு வாங்கி, ஒரே பானையில காய்ச்சி, ஊருக்கே ஊத்தினாங்க. யாரும் கடன் வாங்கல, யாரும் பசியோட போகல. நம்ம பாட்டிமாருங்க பேர் வைக்காம நடத்தின குழு அதுதான்.

திருவிழா செலவு மட்டுமில்ல, வரவும்தான். பூக்காவடிக்கு மாலை, கதம்பம் வேணும். ரெண்டு மூணு குழு சேர்ந்து பூவை மொத்தமா வாங்கிக் கட்டினா நாலு காசு மிஞ்சும். கேழ்வரகு மாவு, மஞ்சள் துணி, வேர்க்கடலை உருண்டையும் விக்கலாம். கடை போடுறதுக்கு முன்னாடி கோயில் நிர்வாகத்துலயோ நகராட்சியிலயோ அனுமதி கேட்டுக்கணும்.

அதனால இந்த மாசக் கூட்டத்துல மூணு தீர்மானம் எழுதுங்க. ஒண்ணு, இந்த வருஷத் திருவிழாவுக்கு வெளியில வட்டிக்கு வாங்க மாட்டோம், அவசரம்னா குழுவுல கேப்போம். ரெண்டு, திருவிழா சேமிப்பை இந்த வாரமே தொடங்குவோம். மூணு, மூணு கூட்டத்துக்கு வராத உறுப்பினர் வீட்டுக்கு அபராதச் சீட்டு அனுப்பாம, நாமே நேர்ல போவோம்.

முருகன் பேனர் கேக்கல. காலால படி ஏறிப் போய், ஒரு முழம் பூ வச்சுக் கும்பிட்டாலும் நேர்த்திக்கடன் தீரும். வட்டிக்கடன் அப்படித் தீராது சகோதரிகளே.