நோயை மறைக்க வேண்டாம்
(யூபிலியையொட்டி நடைபெற்ற நோயாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் ஒரு தையற்காரன். பார்க்கின்சன் நோய் கண்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மாத்திரை வேலை செய்யும்போது சட்டைப் பொத்தானை நானே மாட்டுவேன். அதன் வேகம் தணிந்ததும் காப்பித் தம்ளரைக்கூடப் பிடிக்க இயலாது.

1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உடற்குறைகள் 7 வகையே. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை 21 ஆக்கி, இந்நோயையும் சேர்த்தது. ஆயினும் 40 விழுக்காடாவது இருப்பதாகச் சான்றிதழ் பெற்றால்தான் பெரும்பாலான சலுகைகள் கிட்டும்.

மருத்துவக் குழுவின் முன் நன்றாக உடுத்தி, மாத்திரையும் விழுங்கிப் போனேன். கை நடுங்கவில்லை. கேட்டதற்கெல்லாம் "சமாளிக்கிறேன் ஐயா" என்றேன். 30 விழுக்காடு என்று எழுதினார்கள். வெட்கத்தால் பாதி நோயை நானே மறைத்திருந்தேன்.

மேல்முறையீட்டுக்கு அச்சட்டமே இடம் தருகிறது. எந்த நேரத்தில் எது இயலவில்லை என்று என் மனைவி ஒரு மாதம் நோட்டில் குறித்தாள். அதையும் இணைத்து விண்ணப்பித்தேன், 45 கிடைத்தது.

அன்பர்களே, இதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். உரிமையைக் கேட்பது பிச்சையன்று. ஞாயிறன்று கோவிலுக்கு நடந்து வந்தவருக்கு என்ன நோய் என்று பேசாமல், திங்களன்று அவர் எப்படி இருக்கிறார் என்று விசாரிப்போம்.